குத்துமதிப்பு

பிப்ரவரி. ஜன்னலின் பாதி வரை பனி.
சமையலறை மேசையில் சம்பளச் சான்று,
பல் டாக்டர் பில், ரயில் பாஸ் ரசீது,
கடித்து வைத்த பேரிக்காய் ரொட்டி.
டூரி பென்சிலைச் சீவுகிறான்.
படிவம் அனுப்ப இன்னும் ஆறு வாரம்.
எவ்வளவு வரும் என்று இப்போதே தெரிந்தால்
பழைய அடுப்பை மாற்றலாமா என்று பார்க்கலாம்.

முதலில் கழிவுகள்.
வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாத நாட்கள்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
நடைமேடையில் நின்றபடி விழுங்கிய சாண்ட்விச்சுக்கும்
அரசாங்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
அதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல்,
கொஞ்சம் கூச்சம்.

கழித்தபின் வருவதற்குப் பெயர் எளிய வரி.
பெயர் வைத்தவர் சிரிக்காமல்தான் வைத்திருப்பார்.
அதை யாரும் அப்படியே கட்டுவதில்லை.
பேக்கரிக்காரி எனக்கு அது பிசைந்த மாவு;
பொங்கிய பிறகுதான் எடை.
என் மாவு இரண்டாயிரத்து அறுநூறு பிராங்க்.
மாநிலத்துக்கு அதில் நூறு சதவீதம்.
எங்கள் ஊர் புந்தேலுக்கு நூற்றுப் பதினைந்து.
முந்நூறு பேர் இருக்கும் ஊர்
மாநிலத்தைவிடப் பசியோடு இருக்கிறது.
தேவாலயத்துக்குப் பதினைந்து.
பெர்னில் இருக்கிறவர்களுக்குத் தனி ஏணி;
நான் இன்னும் அதன் கீழ்ப்படியில்,
நானூற்று எண்பது.

தெருவில் பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
"உன் நூற்றுப் பதினைந்து போகுது பார்" என்றான்.
கையசைத்தேன். ஓட்டுகிற லூர்ச் ஹாரன் அடித்தான்.
பெர்னுக்குப் போகிற பணத்துக்குக்
கையசைக்க வழியில்லை.

டூரி தேவாலயத்தை விட்டு ஒன்பது வருடம்.
ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, கணக்கு முடிந்தது.
ஆறு மணிக்கு அந்த மணிதான்
இன்றும் அவனை எழுப்புகிறது, இலவசமாக.
நான் கட்டுகிறேன் முந்நூற்றுத் தொண்ணூறு.
விசுவாசமா என்று கேட்டால் தெரியாது.
கடிதம் எழுதச் சோம்பல் என்றும் சொல்லலாம்.

ஓடைக்கு அந்தக் கரை அர்வெனா.
அதே பனி, அதே பள்ளிக்கூடப் பேருந்து,
ஆனால் ஊர் வரி அறுபத்தைந்துதான்.
வங்கிக்காரர்கள் விடுமுறைக்கு வாங்கிப் பூட்டிவைத்த
வீடுகள் புண்ணியத்தில்.
மரப்பாலம் முப்பது அடி.
நான் கடந்தால் ஆயிரத்து முந்நூறு மிச்சம்,
அவன் கடந்தால் ஆயிரத்து ஐந்நூறு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
இங்கே ஆறே அளந்து போடுகிறது.

பிறகு வாடகை கேட்டோம்.
மாதம் நானூறு அதிகம்.
பாலம் திரும்பவும் வெறும் பாலமானது.

கடைசிப் பக்கத்துக்கு முன் ஒரு கட்டம்:
டிசம்பர் முப்பத்தொன்றில் திருமண நிலை.
"இல்லை" என்று பதினோராவது முறையாக எழுதினேன்.
"ஆமாம் என்று எழுதினால்?"
இருவர் வருமானத்தையும் கூட்டுவார்கள்,
கூட்டினால் ஏணியில் மேலே போவோம்,
போனால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூடுதல்.
சொல்லிக்கொண்டே கூட்டியவன்
தலையை நிமிர்த்தவில்லை.

கால்குலேட்டர் தானாக அணைந்தது.
"இந்த வருடம் எப்போது கட்டிக்கொண்டாலும்
முழு வருடத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள்" என்றான்.
"அடுத்த ஜனவரி முதல் வாரம் என்றால்
ஒரு வருடம் தள்ளிப்போகும்."

கேள்வியா கணக்கா என்று பார்த்தேன்.
அவன் காது சிவந்திருந்தது.

"நிச்சயமாகத்தானே?"
"குத்துமதிப்பாக."

சரி என்றேன்.
ஊரில் எல்லாத் தொகையும் இப்படித்தான் தொடங்கும்:
முதலில் தற்காலிக பில்,
இரண்டு வருடம் கழித்து இறுதி பில்,
நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு
யார் தரவேண்டுமோ அவர் வட்டியோடு.

அடுப்பை மட்டும் இந்த வருடம் மாற்றவில்லை.